கழுத்து வில்லையும் கல்லில் பெயரும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று காலை இப்பந்தலின் வாயிலில் மாணவர் ஒவ்வொருவர் மார்பிலும் வெள்ளி விழாச் சின்னத்தை அணிவித்தார்கள். சிறுவன் ஒருவன் அதைக் கழற்றிக் கழற்றித் தன் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கழகத்தின் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை. அவன் முகத்தில் தோன்றிய சிறு ஏமாற்றமே இன்றைய என் பேச்சுக்குப் பொருள் தந்தது. உலகின் படைகளில் வீரர்கள் கழுத்தில் அணியும் அடையாள வில்லையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். கல்விக் கழக விழாவில் இராணுவப் பேச்சு எதற்கு என்று ஐயுற வேண்டா. மனிதனுடைய பெயரை எழுதுவது யார், காப்பது யார் என்ற வினாவே இதன் உள்ளீடு. அந்த வினா நம்மைவிட வேறு யாருக்கும் நெருக்கமானதன்று.

'வில்லை' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. அரசு அலுவலகங்களில் டவாலியும் பித்தளை வில்லையும் தரித்து நின்ற ஏவலரை 'வில்லைச் சேவகன்' என்றே மக்கள் அழைத்தனர். அந்த வில்லை அவர் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லும். அவர் யார் என்று சொல்லாது. உலகில் அடையாளங்கள் இருவகைப்படும். 'இவன் யாருக்கு உரியவன்' என்று சொல்லும் அடையாளம் ஒன்று. 'இவர் யார்' என்று சொல்லும் அடையாளம் மற்றொன்று. வரலாற்றில் முதலில் தோன்றியது முன்னதே.

உரோமப் பேரரசில் அடிமைகளின் கழுத்தில் இரும்பாலும் வெண்கலத்தாலும் ஆன வளையங்கள் பூட்டப்பட்டன. தப்பி ஓடினால் பிடித்து இன்னாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவற்றிலும் அவற்றில் தொங்கிய தகடுகளிலும் பொறித்திருந்தார்கள். அவற்றுட் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அதே பேரரசில் படையிற் சேருவோர்க்கு ஈய முத்திரை ஒன்றைக் கழுத்தில் அணிவித்தார்கள். கி.பி. 295ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்ஸா என்னும் ஊரில் மாக்சிமிலியன் என்ற இளைஞர் அம்முத்திரையை அணிய மறுத்தார். தம் சமயப் பற்றுக்கு அது மாறானது என்று சொல்லி, அதற்காக உயிரையும் கொடுத்தார். முத்திரை வெறும் ஈயந்தான். ஆனால் தாம் யாருக்கு உரியவர் என்பதை அது சொல்வதாக அவர் கருதினார்.

நம் நாட்டில் இதனினும் கொடியது நடந்தது. பேஷ்வாக்கள் ஆட்சியில் மராத்திய நாட்டில் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், பிறர் அறியாமல் தொட்டுவிடாதபடி மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு அணிய வேண்டியிருந்தது. புனே நகரில் தம் காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும், எச்சிலை ஏந்தக் கழுத்தில் கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு பற்றிய நூலில் இதை எடுத்துக் காட்டியுள்ளார். அந்தக் கயிற்றைக் கண்டவன் அதை அணிந்தவரின் பெயரைக் கேட்கவில்லை. பெயர் கேட்க வேண்டாதபடி செய்வதே அக்கயிற்றின் வேலை.

இனி, 'இவர் யார்' என்று சொல்லும் வில்லைக்கு வருவோம். அது அரசர்களின் கருணையால் பிறந்ததன்று. சாகப்போகும் எளிய மனிதனின் அச்சத்தால் பிறந்தது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. கறுப்பின மக்களின் அடிமைத்தளை அறுந்த போர் அது. அப்போரில் வீரர்களுக்கு அடையாள வில்லை கொடுக்கும் வழக்கம் இல்லை. 1863இல் மைன் ரன் என்னுமிடத்திலும், 1864இல் கோல்ட் ஹார்பர் என்னுமிடத்திலும், தாக்குதல் தொடங்குமுன் வீரர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் காகிதத் துண்டுகளில் எழுதி மேற்சட்டையில் குத்திக்கொண்டார்கள். இறந்தபின் தம் உடலை யாரேனும் அடையாளம் கண்டு வீட்டுக்குச் செய்தி அனுப்பமாட்டார்களா என்பதே அவர்கள் வேண்டியது. எழுதத் தெரிந்தவன் எழுதினான். தெரியாதவன் தோழனைக் கொண்டு எழுதுவித்தான்.

தேவை இருக்குமிடத்தில் வணிகன் வருவான். முகாம்களைப் பின்தொடர்ந்து சென்ற கடைக்காரர்கள் பித்தளையிலும் ஈயத்திலும் வில்லைகள் செய்து, பெயரை எழுத்தெழுத்தாக அச்சடித்து விற்றார்கள். பிரிவின் பெயரும் வீரனின் பெயரும் பொறித்த வெள்ளி ஊசிகளுக்குப் பத்திரிகைகளில் விளம்பரங்கள் வந்தன. இன்று திருவிழாக் கடைகளில் பெயர் பொறித்துத் தரும் சாவிக்கொத்துக்கும் சங்கிலிக்கும் அவையே முன்னோடிகள். 1862இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் கென்னடி என்பவர், வீரர் அனைவர்க்கும் வில்லை செய்து தர முன்வந்து போர்த்துறை அமைச்சுக்கு எழுதினார். அமைச்சு அதை ஏற்கவில்லை. விளைவு என்ன? விக்ஸ்பர்க் தேசியக் கல்லறையில் அடக்கமான ஏறக்குறைய 17,000 வீரர்களுள் ஏறக்குறைய 13,000 பேர் பெயரறியாதவர்கள். காசு கொடுத்து வில்லை வாங்கியவன் பெயரோடு புதைந்தான்; வாங்க இயலாதவன் பெயரின்றிப் புதைந்தான். உரிமையாக இருக்கவேண்டிய ஒன்று சந்தைச் சரக்காக இருந்தால் ஏழையின் கதி இதுவே.

பிரஷ்ய அரசு 1869இல் படைவீரர்க்கு வில்லை வழங்க விதி செய்தது. 1870இல் பிரான்சோடு நடந்த போரில் அவ்வில்லைகள் அணியப்பட்டன. நாய்களின் கழுத்தில் கட்டும் வரித் தகட்டை ஒத்திருந்ததால் வீரர்கள் அதை 'நாய் வில்லை' என்று கேலி செய்தார்கள். அப்பெயர் பிறமொழிகளிலும் பரவி இன்றும் வழங்குகிறது. அமெரிக்கப் படையில் இதற்காக வாதாடியவர் சார்லஸ் பியர்ஸ் என்னும் சமயகுரு. பிலிப்பைன்ஸ் போரில் இறந்தோரை அடையாளம் காணும் பணியில் இருந்த அவர், ஒவ்வொரு வீரனும் வில்லை அணிய வேண்டும் என்று 1899இல் பரிந்துரைத்தார். 1906 டிசம்பரில்தான் அதற்கு ஆணை பிறந்தது. அரை டாலர் நாணயத்தின் அளவில் அலுமினிய வில்லை ஒன்று வழங்கப்பட்டது. அதே 1906ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, களத்தில் இறந்த பகைவீரனின் அடையாளக் குறிகளையும் அவன் நாட்டுக்கு அனுப்பிவைக்கப் பணித்தது.

பிரிட்டிஷ் படை 1907இல் அலுமினிய வில்லையை ஏற்றது. 1914இல் அதற்கு மாற்றாகச் செந்நிற நார்த்தகட்டு வில்லை வந்தது. எண், பெயர், படைப்பிரிவு, சமயம் ஆகியவற்றை அச்சுளியால் ஓரெழுத்தாக அடித்துப் பதித்தார்கள். இதில் பெருங்குறை ஒன்று இருந்தது. வீரனிடம் இருந்ததோ ஒரே வில்லை. இறப்பைத் தெரிவிக்க அதைக் கழற்றி எடுத்துச் சென்றால் உடல் பெயரற்றதாகிவிடும். உடலோடு விட்டுவிட்டால் செய்தி போகாது. பல்லாயிரவர் மாண்ட பின்னர், 1916 செப்டம்பரில் இரட்டை வில்லை வந்தது. எண்கோண வடிவான பச்சை வில்லை உடலோடு இருக்கும். வட்டமான சிவப்பு வில்லையைக் கழற்றி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். ஒன்று மண்ணுக்கு, மற்றொன்று ஏட்டுக்கு. நார்த்தகடு ஈரமண்ணில் மக்கிப்போனதால், பின்னாளில் தோண்டி எடுத்த உடல்கள் பல அடையாளம் காண இயலாதவையாயின. உலோகத்தாலான சொந்த வளையங்களை வீரர்கள் தாமே செய்தோ வாங்கியோ அணிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க வில்லையில் ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கும். இறந்தவனின் பற்களுக்கிடையே வில்லையைச் செருகுவதற்காக அப்பள்ளம் என்ற கதை உலகெங்கும் பரவியது. உண்மை மிக எளியது. எழுத்தை அழுத்திப் பதிக்கும் பொறியில் தகடு நகராமல் பொருந்துவதற்காகவே அப்பள்ளம் வைக்கப்பட்டது. எழுத்துச் சரியாக விழவேண்டும் என்பதே அதன் பயன்.

அவ்வில்லையில் சமயத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் இருந்தது. சரியான முறையில் இறுதிச் சடங்கு செய்வதற்கென்றே அது பொறிக்கப்பட்டது. ஆனால் ஜெர்மானியரிடம் சிறைப்பட நேர்ந்தபோது, யூத வீரர் சிலர் அவ்வெழுத்துக்கு அஞ்சி வில்லையையே வீசியெறிந்தனர். அதே ஜெர்மனி 1941இல் யூதர்களை மஞ்சள் விண்மீன் அணியக் கட்டாயப்படுத்தியது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளின் தோலில் எண்ணைப் பச்சை குத்தியது. ஆகவே தோழர்களே, அடையாளம் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. எழுதுபவன் யார், படிப்பவன் யார், எதற்காகப் படிக்கிறான் என்பதைப் பொறுத்தே அது காப்பாகவும் கண்ணியாகவும் ஆகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மாண்ட வீரனின் பெயரைக் கல்லில் பொறிப்பது தமிழருக்குப் புதிதன்று. நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கிறது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகற்கள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் மாண்டவன் பெயரைத் தமிழி எழுத்தில் வெட்டிவைத்தார்கள் என்பதற்குச் சான்று.

ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரைத் தாங்கிய கல் ஒன்றை இங்கு நினைவுகூர வேண்டும். 1818 சனவரி முதல் நாளன்று புனே அருகே கோரேகானில் பேஷ்வா படையைக் கும்பினிப் படை எதிர்த்து நின்றது. அதன் நினைவாக எழுந்த தூணில் மாண்ட 49 பேரின் பெயர்கள் உள்ளன. அவற்றுள் 'நாக்' என முடியும் 22 பெயர்கள் மகர் வீரர்களுடையவை. கும்பினிக்காகப் போரிட்டது சரியா என்று இன்று வினவலாம், வினவத்தான் வேண்டும். ஆனால், எவருடைய ஆட்சியில் அவர்கள் கறுப்புக் கயிறு அணிந்தார்களோ, அவ்வாட்சியை எதிர்த்த களத்தில் அவர்கள் பெயர் கல்லில் ஏறியது என்பதையும் மறக்கலாகாது. 1927 சனவரி முதல் நாளன்று அண்ணல் அங்குச் சென்று நின்றதன் பொருள் இதுவே. 1941இல் மகர் படைப்பிரிவு அமைந்தபோது அத்தூணே அதன் தொப்பிச் சின்னத்தில் இடம்பெற்றது. விடுதலைக்குப்பின் தூணின் இடத்தைக் குத்துவாள் பெற்றது.

சென்னைப் படையிலும் நம் மக்கள் இருந்தனர். 1780இல் தோன்றிய முன்னோடிப் படையின் வழிவந்த மதராஸ் சாப்பர் படையில் பறையர் பெருமளவில் பணியாற்றினர். பாலம் கட்டியதும் பாதை வெட்டியதும் பகைவன் அரணைத் தகர்த்ததும் அவர்கள் வேலை. 'தம்பிகள்' என்பது அப்படையினர்க்கு வழங்கிய அன்புப் பெயர். ஊரில் 'அடே' என்று அழைக்கப்பட்டவன் படையில் தம்பியானான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குடிகள்' என்ற பொய்க்கொள்கை தலையெடுத்தது. சென்னைப் படை சுருங்கியது. மகர்களைச் சேர்ப்பதும் நின்றது. படையோடு கிடைத்த பெரும்பேறு துப்பாக்கியன்று, பள்ளிக்கூடம். அண்ணலின் தந்தையார் இராம்ஜி சக்பால் சுபேதாராகவும் படைப்பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். படையின் கதவு மூடியபோது நம் பிள்ளைகளுக்கு மூடியது அந்தப் பள்ளியின் கதவுந்தான்.

முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது. கதவு மீண்டும் சிறிது திறந்தது. மாண்டோர் கல்லறைகளைக் காக்க 1917இல் ஆணையம் ஒன்று அமைந்தது. பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இடம்பெறும் என்பது அதன் கொள்கை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். அதன் தலைப்பில் அவரவர் படைப்பிரிவின் சின்னம். சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைக்குச் சென்றால் இதை நீங்கள் கண்ணாரக் காணலாம். உயர்ந்த கொள்கைதான். ஆனால் அது எல்லார்க்கும் எட்டியதா?

மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், மாண்டவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் நினைவகம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரர் ஒவ்வொருவரின் பெயரும் அதில் வெட்டப்பட்டது. இந்தியருள் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே வெட்டப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் பொறிக்கப்பட்டது. இந்தியாவின் பல ஊர்களில் சிறு சலவைக்கல் ஒன்று பதித்திருப்பதைக் காணலாம். 'இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றவர் இத்தனை பேர், உயிர் நீத்தவர் இத்தனை பேர்' என்பதே அதன் செய்தி. பெயர் ஒன்றும் இராது. பதக்கத்திலும் வேறுபாடு இருந்தது. போர்வீரனுக்கு வெள்ளி, இந்தியாவிலிருந்து சென்ற தொழிலாளர் படையினருக்கு வெண்கலம்.

இதை அந்த ஆணையமே பின்னாளில் ஆராய்ந்து 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கச் சுமை தூக்கிகளே அவர்களுள் மிகுதி.

மாணவச் செல்வங்களே, இங்குச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இப்பெயர்கள் அழிந்ததற்கு உலோகத்தின் தட்டுப்பாடா காரணம்? கல்லின் தட்டுப்பாடா? அன்று. சில இடங்களில், ஏட்டில் எழுத வேண்டியவன் எழுதவில்லை. சில இடங்களில், ஏட்டில் இருந்தும் கல்லில் வெட்ட வேண்டியவன் 'இவர்களுக்குப் பெயர் எதற்கு' என்று கருதினான். பெயரைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லாததால், 'எங்கள் பிள்ளையின் பெயர் எங்கே' என்று கேட்கவும் ஆளில்லாமற் போயிற்று. வில்லை என்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. ஏடு அதைக் காக்க வேண்டும். ஏட்டைக் கேள்வி கேட்கக் கற்றவர்கள் வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நிலை மாறியது. பர்மாவில் மாண்டு கல்லறை அறியப்படாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவகத் தூண்களில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள். எழுத மனமிருந்தால் எழுத முடியும் என்பதற்கு அத்தூண்களே சான்று.

அடையாளத்தை அஞ்சி ஒளித்தவர் உண்டு. எடுத்து அணிந்தவரும் உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'பறையன்' என்றே பெயரிட்டார்கள். பிறர் இழிவாக எறிந்த சொல்லைக் கையிலெடுத்து, அச்செழுத்தில் கோத்து, ஏட்டின் தலைப்பில் வைத்தார்கள். அன்று அந்தச் சொல்லை எழுதியவர் மாறினார். ஆகவே அதன் பொருளும் மாறத் தொடங்கியது. கழுத்துக் கயிற்றுக்கும் கழுத்து வில்லைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்த வெள்ளி விழாவில் உங்கள்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் சேரிகளில் பட்டாளத்துக்குப் போனவர்களின் வீடுகள் இன்னும் உள்ளன. பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் பதக்கமோ பணிவிடுப்புச் சான்றோ இருக்கக்கூடும். பிரிட்டிஷார் வழங்கிய போர்ப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அங்கே பொறித்திருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி எழுத்தை அழித்துவிடாதீர்கள்; எடைக்குப் போட்டும் விடாதீர்கள். பார்த்து, படித்து, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். போருக்குப் போனவர்கள் மட்டுமன்றி, ஏரி வெட்டியவர்கள், தோட்டம் போனவர்கள், முதன்முதல் பள்ளிக்குச் சென்ற பெண்கள் ஆகியோர் பெயர்களையும் எழுதுங்கள். இது நம் கழகத்தின் ஏடாக அமையட்டும்.

இரண்டாவது, ஆசிரியர்களுக்கு. வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை எழுதும்போது பிழையின்றி முழுமையாக எழுதுங்கள். தாய் தந்தையர் பெயரையும் மதிப்போடு எழுதுங்கள். ஒரு காலத்தில் நம் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதையும் ஊரார் முடிவு செய்தனர். எழுதுபவர் அதைச் சிதைத்தும் எழுதினர். அச்சுளியால் ஓரெழுத்தைத் தவறாக அடித்தாலும் ஒரு வீரன் தன் தாய்க்குத் திரும்பாமற் போகலாம். பதிவேட்டில் ஓரெழுத்து தவறினால் ஒரு பிள்ளையின் சான்றிதழும் உதவித்தொகையும் வேலையும் தவறிப்போவதை நீங்கள் அறிவீர்கள்.

காலையில் தன் பெயரைத் தேடிய அச்சிறுவனுக்கும் ஒரு சொல். தம்பி, உன் மார்பில் உள்ள சின்னம் நீ எங்களைச் சேர்ந்தவன் என்று மட்டும் சொல்கிறது. நீ யார் என்பதை இக்கழகம் உன் கழுத்தில் மாட்டிவிட இயலாது. எழுத்தை உனக்குக் கற்றுத் தருகிறோம். உன் பெயரை நீயே எழுது. எழுதப்படாமற் போன உன் முன்னோர் பெயர்களையும் சேர்த்து எழுது.